ஏழாம் கட்டத்தில் ஒரு சைபர்

பிப்ரவரி 4. முன் ஆக்சில், பழையது, ஒன்று: 21,000
பிப்ரவரி 9. சுருள் ஸ்பிரிங், இரண்டு: 6,400
பிப்ரவரி 20. இரும்புத் தகடு, எட்டு மில்லிமீட்டர்: 3,150
மார்ச் 6. வெல்டிங் குச்சி, நான்கு பெட்டி: 1,840
ஏப்ரல் 17. ஆய்வுக் கட்டணம்: 750
ஏப்ரல் 18. பதிவுத் தபால்: 42
மே 13. பதிவுத் தபால்: 42
ஜூன் 6. பார்சல், இரண்டு கிலோ நூறு கிராம்: 310

ஊசியக்காவின் நோட்டில் உள்ள பட்டியல் இது. இருபத்தோராயிரத்தைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கொடுத்த காசுக்கு இரும்பு வந்தது. அவளுடைய வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த எழுநூற்றைம்பதில் இருக்கிறது.

ஊசி என்பது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வைத்த பெயர். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும், வேலை தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. மூன்றும் சேர்ந்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வயதில் பிசிறு நூல் வெட்டும் பெண்ணாகச் சேர்ந்தாள். ஒருநாள் பக்கத்து இயந்திரம் தையலை விட்டு விட்டுப் போட்டது. மெக்கானிக் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் இவளே திருகைத் தளர்த்திச் சரிசெய்துவிட்டாள். அதற்குத் திட்டு வாங்கினாள். அடுத்த வாரம் இன்னொன்றைச் சரிசெய்தாள், அதற்கும் திட்டு. திட்டிக்கொண்டே நானூறு இயந்திரங்களை அவள் தலையில் கட்டினார்கள். ஆனால் சம்பளச் சீட்டில் பதினோரு வருடம் 'உதவியாளர்' என்றே அச்சாகி வந்தது. இன்று அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஊசிமுனைக்கும் நூலைக் கவ்வும் கொக்கிக்கும் நடுவே தலைமயிர் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். அந்த இடைவெளியை இருபத்தொன்பது வருடமாகப் பார்த்து வருகிறாள். பார்த்ததை எழுதி வைப்பாள். பார்க்காததை எழுதமாட்டாள். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது முக்கியமாக இதுதான்.

வண்டி அவளுடையதல்ல, அவள் தம்பியுடையது. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி. மற்ற நாட்களில் கிடைத்த சரக்கை ஏற்றுவான். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவையும் மருந்துப் பெட்டியையும் மலைக்குடியிருப்புக்கு ஏற்றிப் போவான். பத்தொன்பது கிலோமீட்டர். முதல் எட்டு தார் ரோடு. மீதி பதினொன்று கல்லும் ஆற்றுப் படுகையும்.

போன அக்டோபர் 22, செவ்வாய், காலை எட்டேகால். படுகையின் நடுவில் இடது முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை முறிந்தது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு, நர்ஸம்மாவுக்கு மணிக்கட்டு. மருந்துப் பாட்டில்கள் கூழாங்கற்களோடு கிடந்தன.

ஊசியக்கா மருத்துவமனைக்குப் போனாள். தம்பி உயிரோடு இருப்பதைப் பார்த்தாள், இரண்டு வார்த்தை திட்டினாள். பிறகு நேரே படுகைக்குப் போய் முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தாள். புதிதாக முறிந்த இரும்பு பளபளக்கும். பழைய விரிசல் உள்ளேயே துருப்பிடித்துப் பழுப்பாக இருக்கும். அந்தத் துண்டின் முறிவு முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு பழுப்பு, ஒரு பங்கு பளபளப்பு. அந்த விரிசலுக்கு மாதக்கணக்கில் வயது இருக்கும்.

வண்டிப் பெட்டிக்குள் தகுதிச் சான்று இருந்தது. தேதி அக்டோபர் 11. பன்னிரண்டு கட்டங்கள். ஐந்தாம் கட்டம், 'முன் சக்கரக் கைகள்'. அதற்கு நேரே அழகான கையெழுத்தில் 'சரி'.

துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாகன ஆய்வு அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் துணியை விலக்கிப் பார்த்தார்.

"பழைய இரும்பு வாங்குற இடம் இது இல்லம்மா. ரெண்டு தெரு தள்ளிப் போங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். துணியை மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்று முதல் அந்தத் துண்டு அவள் வீட்டு அலமாரியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த வண்டியில் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மெல்லிய கைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. தார் ரோட்டுக்கு அது சுகம், படுகைக்கு ஆகாது. இரண்டு சக்கரங்களையும் ஒரே கனத்த குழாய் போலப் பிணைக்கும் ஒற்றை ஆக்சிலைப் போட்டுவிட்டால் முறிவதற்கு மெல்லிய கை என்ற ஒன்றே இருக்காது. பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டாள். ஐந்து மாதம் ஆகும் என்றார். அப்படியானால் நானே போட்டுக்கொள்கிறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தையல் மிஷின் பாக்குறவங்க ஆக்சில் மாத்தப் போறீங்களா? ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்கிற மாதிரின்னு நெனச்சீங்களா?"

"உங்க வேலையில விரல் அளவு தப்பினாலும் வண்டி ஓடும்ணே. என் வேலையில மயிரிழை தப்பினா மிஷின் நின்னுடும். யாருக்கு யாரு சொல்லித் தர்றது?"

வீட்டின் பின்புறம் தகரக் கூரைக்குக் கீழே வேலை நடந்தது. ஞாயிறு முழுநாள், மற்ற நாட்களில் வேலை விட்டு வந்து வெளிச்சம் இருக்கும்வரை. தொழிற்சாலையில் அலமாரிச் சட்டங்களை ஒட்டிப் பழகிய வெல்டிங் அவளுக்குத் தெரியும். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு அது போதாது என்பதும் தெரியும். அதனால் முதலில் நாற்பது துண்டுத் தகடுகளை ஒட்டி, ஒவ்வொன்றையும் வைஸ் இடுக்கியில் கவ்வி வளைத்துப் பார்த்தாள். ஒட்டு விடாமல் பக்கத்துத் தகடு கிழியும்வரை பழகினாள். முதல் பதினேழு ஒட்டுகள் விட்டுப்போயின. பதினேழையும் நோட்டில் எழுதியிருக்கிறாள்.

தோளில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு விளக்குப் பிடிக்கும் வேலை.

"அக்கா, நீ போடுற தையலுக்குப் பூ வேலைப்பாடு மட்டுந்தான் குறை."

"விளக்க ஒழுங்கா பிடிடா. வாய்க்கு வெளிச்சம் வேணாம்."

இனி அவள் செய்த தவறு. அதை மறைத்தால் இந்தக் கதையைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆக்சில் இடமோ வலமோ நகராமல் இருக்க ஒரு குறுக்குக் கம்பி உண்டு. ஒரு முனை இடப்பக்கம் சேசிஸில், மறுமுனை வலப்பக்கம் ஆக்சிலில். எண்ணூறு மில்லிமீட்டர் நீளம். ஊசியக்கா வண்டியை நான்கு ஸ்டாண்டுகளின் மேல் தூக்கி நிறுத்தினாள். ஆக்சில் கீழே தொங்கியது. நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, ஆக்சிலை மிகச் சரியாக நடுவில் வைத்தாள். விலகல் சைபர். அந்த நிலையில் கம்பியின் தாங்கியை வெல்டு செய்தாள். தையல் இயந்திரத்தை மேசையில் வைத்து அளந்தாலும் மடியில் வைத்து அளந்தாலும் அளவு ஒன்றுதான். இருபத்தொன்பது வருடப் பழக்கம் அவளை அப்படிச் செய்ய வைத்தது. ஆனால் வண்டி தரையில் இறங்கித் தன் பாரத்தில் அமரும்போது ஸ்பிரிங் அமுங்கும், சரிந்திருந்த கம்பி படுக்கைவாட்டத்துக்கு வரும், வரும்போது ஆக்சிலை வலப்பக்கம் தள்ளும். பட்டறைக்காரர் யாரும் இந்தத் தவறைச் செய்யமாட்டார். அவ்வளவு துல்லியமாக இருக்கிறவளுக்குத்தான் இந்தத் தவறு வரும்.

ஏப்ரல் 17, வியாழன். விடுப்பு எடுத்துக்கொண்டு தம்பியோடு அலுவலகத்துக்குப் போனாள். கட்டணம் எழுநூற்றைம்பது. ஒன்பது பத்துக்கு வரிசையில் நின்றார்கள், பதினொன்று நாற்பதுக்கு ஆய்வாளர் வந்தார். வெள்ளைச் சட்டையில் கத்தி போல இஸ்திரி மடிப்பு. வண்டியிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு ஹாரனை அடிக்கச் சொன்னார், விளக்கைப் போடச் சொன்னார், முன்சக்கரத்தைச் செருப்புக்காலால் ஒரு தட்டுத் தட்டினார். குனியவில்லை. பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பினார். நான்கு நிமிடம். "போகலாம்" என்றார்.

தம்பிக்குச் சந்தோஷம். ஊசியக்காவுக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. வண்டி வாசலைத் தாண்டியது. அங்கே குழாய் கசிந்து தேங்கிய குட்டையில் இறங்கி, அந்தப் பக்கம் காய்ந்த சிமெண்டுத் தரையில் ஏறியது. ஊசியக்கா பின்னால் நடந்து வந்தாள். ஈரத் தடம் தரையில் விழுந்திருந்தது. முன்சக்கரத் தடத்தின் மேலேயே பின்சக்கரத் தடமும் விழ வேண்டும். விழவில்லை. இரண்டு பக்கமும் முன்தடம் வலதுபுறமாக நகர்ந்து தனியாக ஓடியது.

"நிறுத்துடா!"

பையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்து, நடுவாசலில் மண்டி போட்டு, ஈரம் காய்வதற்குள் அளந்தாள். பின்னால் வந்த வண்டிக்காரர் ஹாரனை அடித்தார். இருபத்துநான்கு மில்லிமீட்டர்.

முதலில் அவள் கோபப்பட்டது தன்மேல்தான். தலையில் அடித்துக்கொண்டாள். தொங்கும் ஆக்சிலை அளந்த மடச்சி என்று தன்னையே வாய்விட்டுத் திட்டினாள். பிறகு கையிலிருந்த சான்றை விரித்தாள். ஏழாம் கட்டம். 'முன் ஆக்சில் நடுவிலிருந்து விலகல்.' அடியில் சிறிய எழுத்தில், 'ஐந்து மி.மீ.க்கு மேல் இருந்தால் தேர்ச்சி இல்லை.' அதற்கு நேரே அதே அழகான கையெழுத்தில், '0 மி.மீ.'

அவள் நோட்டிலும் சைபர்தான் இருந்தது. அது தப்பான சைபர், ஆனாலும் கீழே படுத்து, நூல் கட்டி, மூன்று முறை அளந்து எழுதிய சைபர். இந்த மனிதருடைய சைபர் எங்கிருந்து வந்தது? பேனாவிலிருந்து வந்தது.

உள்ளே திரும்பிப் போனாள்.

"சார், இதுல விலகல் சைபர்னு போட்டிருக்கீங்க."

"நல்லதுதானேம்மா."

"இருபத்துநாலு இருக்கு. இப்பதான் வாசல்ல அளந்தேன்."

"சரி, அதுக்கு?"

"ஃபெயில் போடுங்க."

ஆய்வாளர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, பாஸ் போடலன்னு சண்டைக்கு வர்றவங்கள தினமும் பாக்குறோம். பாஸ் போட்டதுக்குச் சண்டைக்கு வந்த மொத ஆளு நீங்கதான்."

"அப்போ இதுவரைக்கும் வந்தவங்க யாரும் உங்க பேப்பர படிக்கல."

கொடுத்த சான்றை வண்டிக்காரர் கேட்டு ரத்து செய்ய விதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் சான்றை ஒரு கடிதத்தோடு பதிவுத் தபாலில் அதே அலுவலகத்துக்கு அனுப்பினாள். 'அளக்காமல் எழுதிய இந்தத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நான் தவறைச் சரிசெய்த பிறகு, யாராவது ஒருவர் வண்டிக்குக் கீழே போய்ப் பார்த்து எழுதித் தரவும்.'

சரிசெய்ய இரண்டு ஞாயிறுகள் ஆயின. இந்த முறை வண்டியைத் தரையில் தன் பாரத்தில் நிற்க வைத்து, தம்பியின் எடைக்கும் நர்ஸம்மாவின் எடைக்கும் சரியாக மணல் மூட்டைகளை இருக்கையில் ஏற்றி, அதன் பிறகே நூல் கட்டினாள். பழைய ஒட்டை வெட்டி எடுத்தாள். ஆசையாசையாகப் போட்ட ஒட்டு, அதை வெட்டும்போது அவள் முகத்தைத் தம்பி பார்க்கவில்லை, விளக்கை மட்டும் பிடித்தான். புதிதாக ஒட்டியது ஆறும்போது இரும்பு கொஞ்சம் இழுத்துக்கொண்டது. கடைசி அளவு, வலப்பக்கம் மூன்று மில்லிமீட்டர். ஐந்துக்குள் இருந்தது. இன்னொரு முறை வெட்டினால் தகடு மெலியும் என்று அதோடு விட்டுவிட்டாள்.

மே 12 அன்று பதில் வந்தது. 'தாங்கள் அனுப்பிய தகுதிச் சான்று தவறுதலாக எங்களுக்கு வந்து சேர்ந்துள்ளது. இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.' உள்ளே அதே தாள், அதே சைபர்.

"நம்ம தாளு பந்து மாதிரி போயிட்டுத் திரும்பி வந்துடுச்சு" என்றான் தம்பி. "விடுக்கா. வண்டியதான் சரி பண்ணிட்டியே. சாவியக் குடு."

"தரமாட்டேன்."

"வண்டி என்னுது."

"ஆக்சில் என்னுது."

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். ஏழு மாதமாகச் சம்பாத்தியம் பாதியாக இருக்கிற வீடு அது. அவள் குரலில் மரியாதை இருந்தது, பொறுமை இல்லை.

"அண்ணி, நீங்க பண்ணின வேலையில எங்களுக்கு நம்பிக்கை இருக்கு. அந்தாளு என்ன எழுதினா நமக்கு என்ன?"

"எனக்கும் நம்பிக்கை இருந்துச்சும்மா. ஏப்ரல் பதினேழு காலைல, சைபர்னு நெனச்சு, நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போனேன். நான் தப்பு பண்ணினா கண்டுபிடிக்கத்தானே அங்க ஒருத்தர உக்கார வச்சிருக்காங்க? என் தம்பிய என் ஒருத்தி கண்ண மட்டும் நம்பி படுகையில இறக்கமாட்டேன். ரெண்டாவது கண்ணு ஒண்ணு பாக்கணும். அதுக்குத்தான் காசு வாங்குறாங்க."

சாவி அவளுடைய கருவிப் பெட்டிக்குள் போனது. பெட்டிச் சாவி அவள் இடுப்பில். தம்பி இருபத்தைந்து நாள் அவளோடு பேசவில்லை. அவள் மனதை அதைவிட அறுத்தது செவ்வாய்க்கிழமைகள். மணிக்கட்டு சேர்ந்துவிட்ட நர்ஸம்மா, தார் ரோடு முடியும் இடம்வரை பேருந்தில் போய், மீதி பதினொன்றையும் நடந்தாள். மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டை தைத்துக் கொடுத்தது ஊசியக்காதான். கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என்னாலதான் நடக்கிறீங்க."

"நடந்தா கால்தான் வலிக்கும். போன தடவ உக்காந்து போனதுக்கு என்ன வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும். நீங்க எழுதுங்க."

எழுதினாள். மே 13 அன்று சான்றை மறுபடி அனுப்பினாள். இந்த முறை பதிலே இல்லை. ஜூன் 6 அன்று அலமாரியிலிருந்து அந்த முறிந்த துண்டை எடுத்தாள். துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, தலைமை அலுவலகத்துக்குப் பார்சல் அனுப்பினாள். கூடவே ஒரு பக்கக் கடிதம்.

'இது அக்டோபர் 11 அன்று உங்கள் ஆய்வாளர் சரி என்று எழுதிய பாகம். பழுப்பான பகுதி அன்றே விரிசல் விட்டிருந்தது. பளபளப்பான பகுதி பதினொரு நாள் கழித்து என் தம்பி உள்ளே இருக்கும்போது முறிந்தது. இப்போது புது ஆக்சில் போட்டிருக்கிறோம். அதையும் பார்க்காமலேயே எழுதினார். அந்தச் சான்றைத் திருப்பித் தந்துவிட்டேன். சான்று இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டுவது குற்றம். எனவே வண்டி உங்களிடம் வர முடியாது, நீங்கள்தான் வண்டியிடம் வர வேண்டும்.'

இதைப் படித்தபோது தம்பிக்குப் பேசாமலிருக்கும் விரதம் கலைந்தது. "ஏமாத்துக்காரி! அவங்க சட்டத்தாலேயே அவங்களக் கட்டிட்டியா?" என்று வாய்விட்டுச் சிரித்தான்.

ஜூன் 24, செவ்வாய், காலை பத்து ஐந்து. அதே ஆய்வாளர் வந்தார். அதே இஸ்திரி மடிப்பு, முகம் மட்டும் வேறு. தகரக் கூரைக்குக் கீழே வண்டி நின்றது. தரையில் ஊசியக்கா ஒரு சாக்கை விரித்து வைத்திருந்தாள். முந்தின நாளே சேசிஸில் இருந்த தன் சாக்பீஸ் குறிகளை எல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். நோட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

"உங்களால எனக்கு எவ்வளவு பேச்சு தெரியுமாம்மா?" என்றார் ஆய்வாளர்.

"என் தம்பிக்கு எலும்பு சார். உங்களுக்குப் பேச்சு."

அவர் சாக்கைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், படுத்தார். நூலும் குண்டும் கேட்டார், கொடுத்தாள். தம்பி அவள் காதருகே வந்தான்.

"மூணுன்னு சொல்லிடுக்கா. மனுசன் சீக்கிரம் போகட்டும்."

அவள் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

இருபத்தாறு நிமிடம். ஆய்வாளர் வெளியே வந்தபோது முதுகெல்லாம் மண், மடிப்பின் மேல் ஒரு கிரீஸ் கோடு. ஏதோ எழுதினார், காட்டவில்லை. கடிதம் வரும் என்றார், கை கழுவத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"கீழ படுத்தாருக்கா. அது போதாதா உனக்கு?"

"படுத்தவங்க எல்லாரும் பாத்தவங்க இல்லடா. கடிதம் வரட்டும். மறுபடி சைபர்னு இருந்தா, நான் அடுத்த பார்சல் கட்டணும்."

அதற்குப் பிறகு ஒன்பது நாள். அவள் தொழிற்சாலைக்குப் போனாள், வந்தாள். இருபத்தாறு நிமிடம் என்ற எண் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. இருபத்தாறே நிமிடம்! அக்டோபரில் அந்த மனிதர் இதைச் செய்திருந்தால் போதும். ஒரு சாக்கு, ஒரு டார்ச், ஒரு சட்டை துவைக்கும் செலவு. அதை மிச்சம் பிடிக்கத்தான் ஒருவனுக்குத் தோள் போனது, ஒருத்திக்கு மணிக்கட்டு போனது. அன்று 'சரி' என்று எழுதியதற்கு இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டார்கள், அவளுக்குத் தெரியும்.

கடிதம் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். தம்பி மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல், கடிகாரத்துக்குப் பக்கத்தில் துண்டு இருந்த இடத்தில் வைத்திருந்தாள். மாலை ஆறேகாலுக்கு ஊசியக்கா பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றபடியே பிரித்தாள். மற்ற கட்டங்களை விட்டுவிட்டு நேரே ஏழுக்குப் போனாள்.

'3 மி.மீ., வலப்பக்கம்.'

இரண்டு முறை படித்தாள். பிறகு தம்பி மனைவியிடம் கொடுத்து அந்த வரியை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

"மூணு மில்லிமீட்டர், வலப்பக்கம். கரெக்டா அண்ணி?"

"கரெக்ட்."

பதினொன்றாம் கட்டத்தில் இன்னொன்று இருந்தது. 'உதிரிச் சக்கரத்தைப் பிடிக்கும் நட்டுகளில் ஒன்று இல்லை. உடனே பொருத்தவும்.' அவளுக்குச் சுருக்கென்றது. வண்டியின் பின்னால் போய்ப் பார்த்தாள். உண்மைதான், இல்லை. ஐந்து மாதம் அந்த வண்டியோடேயே கிடந்தவள் கண்ணில் படாதது, ஒரே ஒருநாள் பார்த்தவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"பாத்தியா? இதத்தாண்டா நான் தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். கண்ணு இருக்கு அந்தாளுக்கு! நல்ல கண்ணு! வச்சுக்கிட்டே இத்தன நாளு..." டப்பாவில் தேடி அதே அளவு நட்டு ஒன்றை எடுத்து இறுக்கினாள். கருவிப் பெட்டியைத் திறந்து, வண்டிச் சாவியைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா வீட்டு வாசல்லயே போய் நில்லு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவங்கள நடக்க விடாத."

பிறகு நோட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். மூன்று என்று தான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் அவர் எழுதிய மூன்றையும் எழுதினாள். அதற்குக் கீழே கடிதம் வந்த தேதி: ஜூலை 3.